சம்பந்தி கொடுத்த காபி மெஷின்

மார்ச் 3

சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். எழுத உட்கார்ந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, கை நனைக்காமல் கிளம்பிப் போனீர்கள். அன்றிலிருந்து நமக்குள் பேச்சு இல்லை. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வார்த்தை சொல்வேன், நீங்கள் நாலு சொல்வீர்கள், காரியம் கெட்டுவிடும். காகிதத்தில் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே புக முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீங்கள் கொண்டுவந்து வைத்த எஸ்பிரஸோ மெஷினில் பம்ப் ஓடவில்லை. பொத்தானை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பையனும் மருமகளும் அவனுடைய பயிற்சிக்காக வெளிநாடு போயிருப்பது உங்களுக்குத் தெரியும். போகும்போது மருமகள், மெஷினைச் சும்மா போட்டுவைக்காமல் அவ்வப்போது ஒரு கோப்பை போடும்படி சொல்லிவிட்டுப் போனாள். முதல் வாரம் ஒழுங்காக ஓடியது. நேற்று காலையில் நின்றுவிட்டது. அவர்கள் இருபத்தைந்தாம் தேதி வருகிறார்கள்.

பழுது பார்க்கிற கம்பெனியைக் கேட்டேன். எடுத்துக்கொண்டு போனால் திரும்பிவர ஒரு மாதம் ஆகுமாம்.

இதில் இவ்வளவு பதற என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். அந்த மெஷின் இந்த வீட்டுக்குள் வந்த அன்று நான் என்ன பேசினேன் என்று ஊருக்கே தெரியும். ‘இது வீடா, கடையா’ என்று எல்லார் முன்னாலும் கேட்டவள் நான். இப்போது அவள் இல்லாத நேரத்தில், என் கையில் இருக்கும்போது, அது நின்றுபோயிருக்கிறது. கிழவி வேண்டுமென்றே கெடுத்துவிட்டாள் என்று அவள் வாய் திறந்து சொல்லமாட்டாள். மனதுக்குள் நினைத்துக்கொண்டு, ‘பரவாயில்லை அத்தை’ என்று சிரிப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

வழி இருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தாய்


மார்ச் 7

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையைப் பிரிப்பதற்கு முன்னால் இரண்டு முறை வீட்டைச் சுற்றி நடந்தேன். யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பயம். உள்ளே பார்த்தால் பம்ப். வயிற்றில் பாலை வார்த்தீர்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கோபித்துக்கொண்டு போனது நீங்கள் கேட்ட கேள்விக்காக இல்லை. மெஷினை இறக்கிவைத்து, கைகழுவி, நிமிர்ந்தால், ‘முடிஞ்சதா, அந்த ஃபேனையும் கொஞ்சம் பாருங்க’ என்றீர்கள். நான் லிஃப்ட் மெக்கானிக்தான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு அன்று நான் விருந்தாளியாக வந்திருந்தேன். சரி, விடுங்கள். ஃபேன் இப்போது சுற்றுகிறதா?

மெஷினுக்கு வருவோம். ஓடாத எந்தப் பொருளுக்கும் என் தொழிலில் முதல் கேள்வி ஒன்றுதான். முழு மௌனமா, முனகலா? முனகினால் பம்ப்புக்கு உயிர் இருக்கிறது, குழாயில் காற்று அடைத்து, தண்ணீரை இழுக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். மௌனம் என்றால் அதற்கு மின்சாரமே போகவில்லை, அல்லது போயும் எழுந்திருக்கவில்லை. காதை வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி, மறுபடி அழுத்தி மாட்டுங்கள். சரியாக உட்காராத தொட்டிதான் பாதி வியாதிக்குக் காரணம். அதற்கும் மசியவில்லை என்றால், வலது பக்கம் கீழ்மூலையில், அங்கேதான் பம்ப் இருக்கிறது, மரக்கரண்டியின் காம்பால் இரண்டு தட்டு தட்டுங்கள். சில பம்ப்புகள் அப்படி எழுந்துகொள்ளும். தட்டு என்றுதான் சொன்னேன். என் மேல் இருக்கிற கோபத்தை அதில் காட்ட வேண்டாம்.

ஆவி வருகிறதா என்றும் பாருங்கள். மூடியைத் திறக்க நினைத்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் என் பெண் என்னைச் சும்மா விடமாட்டாள்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 11

சம்பந்தி அவர்களுக்கு,

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்குப் பார்த்ததைப் பார்த்தபடி எழுதத்தான் தெரியும். எழுதுகிறேன்.

மௌனம்தான். என் பையன் சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்கும்போது வருமே, அந்த மௌனம். காதை ஒட்டவைத்துக் கேட்டதில் கன்னம் சூடானது, முனகல் எதுவும் கேட்கவில்லை.

தொட்டியைக் கழற்றி மாட்டினேன். பிறகு மாட்டிக் கழற்றினேன். கடைசியில் அதுவும் நானும் நல்ல பழக்கமாகிவிட்டோம். பலன் இல்லை. தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் முன்பக்கம் சொட்டு வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. அப்படி எரிந்தால் தண்ணீர் இல்லை என்று பொருள் என மருமகள் சொன்ன ஞாபகம். கண்ணெதிரே ததும்பிக்கொண்டிருக்கும் தண்ணீரை இல்லை என்று சாதிக்கிற மெஷினை என்ன செய்வது? உங்கள் வீட்டுப் பொருள், வீம்பு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

மரக்கரண்டியால் தட்டினேன். கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து மாடிவீட்டுத் தையற்காரி தன் கதவைத் திறந்து பார்த்தாள். மெஷின் மட்டும் அசையவில்லை. ஆவி நன்றாக வருகிறது.

ஃபேன் சுற்றுகிறது. நீங்கள் சொன்னதை ஒரு நாள் முழுக்க யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஆணி அடிக்கத் தெரிந்த ஆள் யாரும் வந்ததில்லை. உங்களைப் பார்த்ததும் ஆசையில் வாய் முந்திக்கொண்டது. வேலைக்காரனாக நினைத்துச் சொல்லவில்லை. அதே நேரம், என் மிக்ஸியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அதன் இடத்தில் மெஷினை நிறுத்தியது நீங்கள்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் பெண் என்னிடம் மரியாதையாக இருக்கிறாள். அதுதான் கஷ்டம். பசிக்கிறது என்று சொல்லமாட்டாள், பிடிக்கவில்லை என்றும் சொல்லமாட்டாள். ‘நானே பாத்துக்கிறேன் அத்தை.’ இந்த ஒரு வாக்கியத்திலேயே குடித்தனம் நடக்கிறது. காலையில் அந்த மெஷின் முன்னால் நிற்கும்போது மட்டும் முணுமுணுவென்று ஏதோ பாடுவாள். நான் அடுப்படிக்கு வந்தால் நிறுத்திவிடுவாள். அதனால் நான் உள்ளே போகாமல் ஹாலில் இருந்தே கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் வந்து அந்தப் பொத்தானை அழுத்தும்போது அது வாயை மூடிக்கொண்டு நின்றால் அந்தப் பாட்டும் போய்விடும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாய்


மார்ச் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மிக்ஸி விஷயத்தில் நான் செய்தது தப்பு. கையில் கனமான பெட்டி, கண்ணில் பட்ட இடத்தில் இறக்கிவிட்டேன். இப்போது அந்த மிக்ஸி எங்கே இருக்கிறது என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

உங்கள் குறிப்பு அருமை. எங்கள் கம்பெனியில் பழுது எழுதிக் கொடுக்கிற பிள்ளைகளுக்கு உங்களிடம் ஒரு வாரம் பயிற்சி கொடுக்கலாம். ஆவி வருகிறது என்றால் சூடேற்றும் பகுதி நன்றாக இருக்கிறது, மின்சாரமும் உள்ளே வருகிறது. பம்ப் செத்துவிட்டது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தப் பயம் பாதி போய்விட்டது. அந்தச் சிவப்பு விளக்குதான் ஆள் காட்டுகிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை என்று மெஷின் நம்புகிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் கருகிவிடும் என்பதால் அதை ஓடவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. லிஃப்ட்டில் கதவு மூடவில்லை என்று தோன்றினால் பெட்டி நகராது. கதவு மூடித்தான் இருக்கும், ஆனால் தோன்றிவிட்டால் தோன்றியதுதான். இதுவும் அதே ஜாதி.

ஆகவே, தண்ணீர் இருப்பதை அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். தொட்டியின் உள்ளே, அடிப்பக்கம், ஆணித்தலை மாதிரி இரண்டு சின்ன உலோக முனைகள் இருக்கும். அவை இரண்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவற்றின் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் வினிகரில் துணியை நனைத்துத் துடையுங்கள். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? குழாய்த் தண்ணீர்தானே?

என் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் அம்மா போன பிறகு நானும் அவளும் மட்டும்தான். நான் வேலை வேலை என்று கட்டடம் கட்டடமாக ஓடியவன். யாரையும் எதுவும் கேட்காமல் இருக்க அவளே கற்றுக்கொண்டாள். அது உங்கள் மேல் இருக்கிற பயமோ வெறுப்போ இல்லை. அவள் பாடுவாள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. என் வீட்டில் அவள் பாடிக் கேட்டதில்லை.

கடைசிவரை மெஷின் ஓடவில்லை என்றால் பழியை என் மேல் போடுங்கள். ‘உங்க அப்பா வந்து பிரிச்சுப் பார்த்தார், கெட்டுப்போச்சு’ என்று சொல்லிவிடுங்கள். அவள் உடனே நம்பிவிடுவாள். எங்கள் வீட்டில் ரேடியோவும் தையல் மெஷினும் அப்படித்தான் போயின.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 18

சம்பந்தி அவர்களுக்கு,

பழியை உங்கள் மேல் போட்டுவிட்டு நான் நல்ல பெயர் வாங்கிக்கொள்வதா? அவ்வளவு மட்டமானவள் இல்லை நான். இருந்தாலும் சொன்னதற்கு நன்றி.

இரண்டு உலோக முனைகளையும் பார்த்தேன். பளபளவென்று இருக்கின்றன. உப்பாவது ஒன்றாவது. குழாய்த் தண்ணீரா என்று கேட்டிருக்கிறீர்களே, எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று வாரா வாரம் அளந்து கையெழுத்துப் போடுகிறவள் நான். அதையா உங்கள் பெண்ணின் மெஷினில் ஊற்றுவேன்? அன்றைக்கு நீங்களே அடுப்படியில் நின்றுகொண்டு, ‘இதுக்கு எவ்வளவு சுத்தமான தண்ணி ஊத்துறீங்களோ அவ்வளவு நல்லது, கல்லு படிஞ்சா போச்சு’ என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தீர்கள். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த வார்த்தை மட்டும் மனதில் நின்றுவிட்டது. அதனால் அவர்கள் கிளம்பிய பிறகு, அவள் ஊற்றி வைத்திருந்த தண்ணீர் குறையக் குறைய, ஆய்வுக்கூடத்துக்குச் சப்ளை செய்கிறவரிடம் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு கேன் வாங்கி அதையே சேர்த்து வந்தேன். மெஷின் நின்றுபோனதற்கு முந்தின நாள், தொட்டியில் மிச்சம் இருந்ததையும் கொட்டி, தேய்த்துக் கழுவி, முழுக்க முழுக்க அந்தத் தண்ணீரையே நிரப்பினேன். அதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் கிடையாது. அதில் ஒரு துளி உப்பு இருக்காது. கருவியை உள்ளே விட்டால் முள் அசையாது, ஏனென்றால் மின்சாரம் பாய அதில்

கொஞ்சம் இருங்கள்.

சம்பந்தி, ஓடிவிட்டது.

எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். தொட்டியில் பாதியைக் கொட்டினேன். குழாயைத் திறந்து, நான் வாரா வாரம் குறை எழுதுகிற அதே தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். மாட்டியதும் சிவப்பு விளக்கு அணைந்தது. பொத்தானை அழுத்தினேன். என்ன சத்தம், என்ன சத்தம். இவ்வளவு நாள் அந்தச் சத்தத்தைத் தலைவலி என்று சொல்லி வந்தேன். இப்போது மாடிப்படி ஏறிப் போய்த் தையற்காரியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கேட்கவைத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் காபி குடித்துவிட்டுப் போனாள்.

அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் தண்ணீர் வழியாகத் துளி மின்சாரம் பாய்ந்தால்தான் மெஷினுக்குத் தண்ணீர் இருப்பது தெரியும். உப்பே இல்லாத தண்ணீரில் எதைப் பாயச் சொல்வது? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் தினமும் அளப்பதே அதைத்தான். யாராவது இதைக் கேட்டால் என்னால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. சிரிப்பு வந்து, உட்கார்ந்து சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீங்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்ட ஒரே ஆள் இந்த வீட்டில் நான்தான். கேட்டதற்குப் பலன் இது. அவர்கள் வந்த பிறகு நீங்கள் அவசியம் வர வேண்டும். வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஃபேனைப் பார்க்கச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
சம்பந்தியம்மா


மார்ச் 21

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பதினோராவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். நான் சிரித்த சிரிப்பு கிணறு மாதிரி இருக்கிற அந்தச் சந்தில் மேலும் கீழும் போய் வந்தது. கீழே காவலுக்கு இருந்தவர், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டான் என்று ஓடிவந்துவிட்டார்.

‘எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது’ என்று நான் சொன்னது உண்மைதான். அளவு சொல்லாமல் அளந்துவிட்டேன். கோபத்தில் இருக்கிற சம்பந்தி இவ்வளவு சிரத்தையாகக் கேட்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இனிமேல் வடிகட்டிய சாதாரணத் தண்ணீர் போதும். உப்பு படிந்தால் நான் வந்து துடைத்துத் தருகிறேன்.

ஒரு யோசனை. இதை என் பெண்ணிடம் சொல்ல வேண்டாம். மெஷின் ஓடுகிறது, அவள் வருவாள், பொத்தானை அழுத்துவாள், விஷயம் முடிந்தது. இல்லாத வம்பை எதற்கு விலைக்கு வாங்குவது? அவள் ஏதாவது நினைத்துக்கொண்டால் நீங்கள் மனம் வாடுவீர்கள். அதை நான் விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பார்த்து வருகிறேன். தேதி பிறகு எழுதுகிறேன். சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 27

சம்பந்தி அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், நானும் சரி என்றுதான் இருந்தேன். நேற்று முன்தினம் மத்தியானம் இருவரும் வந்து இறங்கினார்கள். பெட்டியை வைத்த கையோடு அவள் மெஷினைப் போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அந்தத் தொடுகையைப் பார்த்ததும் என்னால் வாயை அடக்க முடியவில்லை. அவள் குளித்துவிட்டு வந்ததும் உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்துவிட்டேன். தொட்டி, சிவப்பு விளக்கு, மரக்கரண்டி, கேன் தண்ணீர், எதையும் விடவில்லை. ‘நான் வேணும்னு பண்ணலம்மா’ என்று முடித்தேன்.

அவள், ‘தண்ணி டெஸ்ட் பண்றவங்களே தண்ணியில ஏமாந்துட்டீங்களா அத்தை’ என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். என் பையன் துண்டும் கையுமாக ஓடிவந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். நாம் கடிதம் எழுதிக்கொண்டது தெரிந்ததும் அவள் காட்டச் சொல்லி விடாப்பிடியாக நின்றாள். நான் காட்டவில்லை. அவள் பாடுவதைப் பற்றி அதில் இருக்கிறதே.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவளுக்கு வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. தலையை வாரிக்கொண்டே ஹாலில் இருந்து குரல் கொடுத்தாள். ‘அத்தை, எனக்கு ஒரு காபி போட்டுத் தரீங்களா?’

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. தூளை அமுக்கி, பிடியைத் திருகி, பொத்தானை அழுத்தி, ஆவியில் பாலை நுரைக்கவைத்து, வழிந்ததைத் துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

‘ரொம்பக் கசக்குது அத்தை. நாளைக்குத் தூளைக் கொஞ்சம் கம்மியா போடுங்க.’

சொல்லிவிட்டு மீதியையும் குடித்துவிட்டு ஓடிவிட்டாள். என்னைக் குறை சொல்லிவிட்டாள், சம்பந்தி. இதுவரை ‘நல்லா இருக்கு அத்தை’ தவிர வேறு எதுவும் சொல்லாதவள். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. ஆய்வுக்கூடத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். ஏன் என்று கேட்டவர்களிடம் மருமகள் காபி சரியில்லை என்று சொல்லிவிட்டாள் என்றேன். பாவம், எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

இப்படிக்கு,
சம்பந்தியம்மா


மார்ச் 30

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சின்னப் பிள்ளையிலிருந்து அவளுக்குச் சமைத்துப் போட்டவன் நான். உப்பு கூட, உப்பு குறை, குழைந்துவிட்டது, வேகவில்லை என்று ஒரு வேளை விடாமல் சொல்லித்தான் சாப்பிட்டாள். வெளியே யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். உலகத்தில் அவளிடம் திட்டு வாங்கும் உரிமை எனக்கு ஒருவனுக்குத்தான் இருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். எனக்கும் ஒரு கோப்பை உங்கள் கையால் போட்டு வையுங்கள். நன்றாக இல்லையென்றால் நானும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
சம்பந்தி